கடைசி வயல்

முதல் வருஷம் அது ஒரு பாய் விரித்த அளவுக்குத்தான் இருந்தது. சுற்றிலும் சோயாச் செடிகள் இடுப்பு உயரத்துக்குக் கருகருவென்று நிற்க, அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப்போய், முழங்காலுக்கும் கீழே, சவலைப்பிள்ளை மாதிரி நின்றன. தண்ணீர் தேங்குகிறது போல என்று பெரியவள் மண்வெட்டியால் ஒரு வடிகால் கீறிவிட்டாள். மறுவருஷம் அது நெல் காயப்போடும் களம் அளவுக்கு ஆனது. உரம் பற்றவில்லையோ என்று தொழுவத்துக் குப்பையைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டினாள். களைதான் செழித்தது. மூன்றாம் வருஷம் செடி பூ வைக்கிற சமயத்தில் வரப்பில் நின்று பார்த்தால், ரோட்டோர நுழைவாசலில் ஆரம்பித்து வயலின் பாதி வரைக்கும் மஞ்சள் ஏறிவிட்டிருந்தது.

அவளுக்குப் பெரியவள் என்ற பேர் வந்தது வயதால் அல்ல. அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் பெரியவள், இளையவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள், அவ்வளவுதான். மூத்தவர் ஒரு அறுப்பு மெஷின் வைத்திருந்தார். வெளியூரில் யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கி வந்து, பெல்ட்டும் பேரிங்கும் மாற்றி, சொந்தக் கையாலேயே பெயின்ட் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவர் மெஷின்காரர். அறுப்புக் காலத்தில் அவர் முகம் வீட்டில் தெரியாது. மற்றக் காலத்தில் மெஷினுக்கு அடியில் கிடப்பார். கால் மட்டும் தெரியும். ஆக, வயல் என்பது முழுக்கப் பெரியவள் பாடு.

தம்பி வயல் ஒட்டினாற்போல் அடுத்த வயல். அப்பா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது அண்ணன்தான். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையைச் சுமந்துகொண்டு திரிந்தவன். டவுனில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை உதறிவிட்டு வந்து சோயா போட்டான். அண்ணன் நின்றுகொண்டிருந்தால் இன்றைக்கும் அவன் உட்கார மாட்டான். இரண்டு வயலுக்கும் நடுவே வரப்பில் மெஷின் போகிற அகலத்துக்கு ஒரு திறப்பு உண்டு. ஒவ்வொரு அறுப்புக்கும் மெஷின் அண்ணன் வயலை முடித்துவிட்டு அந்தத் திறப்பு வழியாகவே தம்பி வயலுக்குப் போகும். பெண்கள் இரண்டு பேரும் காய்கறிக்கும் தீப்பெட்டிக்கும் பேச்சுத்துணைக்கும் அதே வழியாகத்தான் போய் வருவார்கள்.

அந்த வருஷம் சொசைட்டிக் கட்டடத்தில், சோயாவில் மகசூல் கூட்டுவது எப்படி என்று சொல்ல யுனிவர்சிட்டியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றார்கள். மெஷின்காரர், "அவங்க சொல்றதுக்கு நமக்குத் தெரியாதது என்ன இருக்கு" என்று ஸ்பானரைத் தேடிப் போய்விட்டார். பெரியவள் போனாள். பெண்கள் என்று நாலைந்து பேர்தான் கடைசி பெஞ்சில். பேசிய அம்மாள் குட்டையான ஆள், தலையில் நரை விழுந்திருந்தது, காலில் ரப்பர் பூட்ஸ். விதை நேர்த்தி, செடிக்குச் செடி இடைவெளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு ஒல்லியான ஆள், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டவர், பேசாமல் படங்களை மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் டீ குடிக்க எழுந்த பிறகு பெரியவள் கிட்டே போனாள்.

"மேடம், எங்க வயல்ல செடி வெளுத்துப்போய் நிக்குது. வருஷா வருஷம் அகலமாயிட்டே போகுது."

"தண்ணி நிக்கிற இடமா?"

"இல்ல மேடம். வடிச்சுப் பார்த்தாச்சு. உரமும் போட்டுப் பார்த்தாச்சு."

"வேரைத் தோண்டிப் பார்த்தீங்களா?"

"பிடுங்கிப் பார்த்தேன்."

"பிடுங்கினா தெரியாதும்மா. தெரிய வேண்டியதெல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுடும்." அந்த அம்மாள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள். "வாங்க, இப்பவே போய்ப் பார்த்துடலாம்."

அப்படிச் சொல்வாள் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. வீட்டைக் கூடப் பெருக்காமல் வந்திருந்தாள். ஆனால் மேடம் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை, நேராக வயலுக்குள் இறங்கினாள். மஞ்சளும் பச்சையும் சேருகிற விளிம்பில் போய் நின்று, செடியைச் சுற்றி அகலமாகத் தோண்டச் சொன்னாள். கண்ணாடிக்காரர் மண்ணோடு செடியைத் தூக்கி வாளித் தண்ணீரில் மெல்ல அமுக்கினார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அப்படியும் இப்படியும் ஆட்ட, மண் கரைந்து இறங்கியது.

"இங்க பாருங்க." மேடம் ஈர வேரை உள்ளங்கையில் பரப்பினாள். "இந்தப் பெரிய முடிச்சு இருக்கே, இது நல்லது. செடிக்குச் சத்து பிடிச்சுக் குடுக்குறது. இது எத்தனை கம்மியா இருக்கு பாருங்க. இப்போ இதைப் பாருங்க."

பெரியவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்காரர் ஒரு லென்ஸைக் கொடுத்தார். அதன் வழியாகப் பார்த்தபோது, சல்லிவேரில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன மேடம், முட்டையா?"

"புழு. பெண் புழு. நூற்புழுன்னு சொல்லுவாங்க. சின்னதா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. வேருக்குள்ள தலையை வச்சு உறிஞ்சிக்கிட்டே கிடக்கும். வயிறு முட்டையால ஊதினதும் இப்படி வெளிய தெரியும். அப்புறம் அது செத்துடும். செத்த தோலே முட்டைக்குக் கூடாயிடும். அந்தக் கூடு மண்ணுல வருஷக்கணக்காக் கிடக்கும்."

"மருந்து அடிச்சா?"

"அடியோட ஒழிக்கிற மருந்து இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத் தீனி இல்லாமப் பண்ணிப் பட்டினி போடலாம். மக்காச்சோளம் மாதிரி எதையாவது சில வருஷம் போடணும். அப்புறம் இதைத் தாங்குற சோயா ரகம் இருக்கு, அதைப் போடலாம். மறுபடி மாத்தணும். குறைச்சுக் குறைச்சு வைக்கலாம். போயிடுச்சுன்னு மட்டும் சொல்ல முடியாது."

"எங்கிருந்து மேடம் வந்துச்சு?"

"மண்ணு எதுல எல்லாம் ஒட்டிக்கிட்டுப் போகுமோ, அதுல எல்லாம் இதுவும் போகும். செருப்பு, மண்வெட்டி, டயர்." மேடம் நிமிர்ந்து வயலைப் பார்த்தாள். நுழைவாசலிலிருந்து விசிறி விரித்த மாதிரி மஞ்சள் பரவியிருந்ததைப் பார்த்தாள். "அறுப்பு மெஷின் எந்தப் பக்கமா உள்ள வரும்?"

பெரியவள் கையை நீட்டிக் காட்டினாள். கொட்டகையில் மெஷினின் சிவப்பு முதுகு தெரிந்தது.

மண்ணையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்காரர் ஒரு இரும்புக் குழலை வயல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தி எடுத்து, வாளியில் கலந்து, பையில் கட்டினார். லேபில் பார்த்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறோம் என்றார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது செடிகள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. மற்ற வயல்களில் காய் அப்போதுதான் பழுப்பேறி முடிந்திருந்தது. நோயாளி வயல் அவசரமாக முற்றிவிட்டது. மஞ்சள் விழுந்த பாதியில் காய்கள் இப்போதே கலகலவென்று சத்தம் போட்டன. அந்த முறை மெஷின்காரரும் வீட்டில் இருந்தார். மேடம் வாசலில் போட்ட நாற்காலியில் உட்காராமல், அவர் வேலை செய்துகொண்டிருந்த கொட்டகைக்கே போய் நின்று சொன்னாள்.

"நிறைய இருக்குங்க. நீங்க வருத்தப்படணும்னு சொல்லலை. உங்க தப்பும் இல்ல. மெஷினை வாங்கும்போதே மண்ணோட வந்திருக்கும், யாருக்குத் தெரியும்? ஆனா இனிமே தெரியுமில்லையா."

அவர் கையில் இருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "இனிமே என்ன பண்ணணும்கிறீங்க?"

"இந்த வருஷம் உங்க வயலைக் கடைசியா அறுங்க. அதுக்கு முன்னாடி மெஷினைச் சுத்தமாக் கழுவிட்டு மத்தவங்க வயலுக்குப் போங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு உங்களது."

"முதல்ல முத்தி நிக்கிறது எங்க வயல்தான்."

"பார்த்தேங்க."

"காத்திருந்தா காய் வெடிச்சுக் கொட்டிடும். மழை வேற சொல்லியிருக்கான்."

"தெரியுங்க. அதனாலதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்." மேடம் குரலைத் தாழ்த்தினாள். "யார் வயல்னு நாங்க வெளிய சொல்ல மாட்டோம். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

அவர்கள் போன பிறகு மெஷின்காரர் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீதானே கூட்டிட்டு வந்தே."

"ஆமா."

"கூட்டிட்டு வராம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா அடுத்த வருஷம் முழு வயலும் மஞ்சள். அதுக்கு அடுத்த வருஷம் தம்பி வயல்."

"தம்பி வயலுக்கு ஒண்ணும் ஆகலை."

"ஆகலைன்னு நீங்க பார்த்தீங்களா? வேரைத் தோண்டினீங்களா?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "மெஷினை நம்பித்தான் இந்த வீடு ஓடுது. இது தெரிஞ்சா ஒருத்தனும் வயல்ல இறங்க விட மாட்டான். ஊர்ல எத்தனை வயல்ல நான் இறங்கியிருக்கேன் தெரியுமா? வருஷா வருஷம் நம்ம வயல்ல ஆரம்பிச்சுத்தான் போயிருக்கேன். சொந்த வயல்ல கை வைச்சுட்டுத்தான் அடுத்தவன் வயல்." சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

பெரியவள் பாத்திரங்களை எடுத்துவைத்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வயலில் நிற்கிறது அவள் உடம்பு உழைப்பு. விதைத்தது, களை பிடுங்கியது, முயல் வராமல் காத்தது எல்லாம் அவள்தான். வெளுத்த பாதி எப்படியோ போகட்டும், நல்ல பாதியில் காய் நெருக்கமாகத்தான் இருந்தது. முதலில் அறுத்தால் அது வீட்டுக்கு வரும். அந்தக் கணம் வரை அவளுமே ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

காலையில் எழுந்து பார்த்தபோது கொட்டகைப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மெஷின்காரர் மோட்டாரைப் போட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். டயரின் இடுக்கில் பாறையாக இறுகிக் கிடந்த மண்ணை ஒரு கம்பியால் நோண்டி நோண்டி எடுத்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தென்னந்துடைப்பத்தை எடுத்து, வெட்டுப் பல்லுக்கு அடியில் அடைந்துகிடந்த சருகைத் தள்ளினாள். தானியம் ஏறுகிற குழலைத் திறந்தார்கள். உள்ளே போன வருஷத்துப் பொட்டு, புழுதி, எலி இழுத்து வைத்த காய். அதையெல்லாம் காற்றடித்து வெளியே தள்ளினார். டயரிலிருந்து இறங்கிய தண்ணீர் செம்பழுப்பாக ரோட்டுப் பக்கம் ஓடப் பார்த்தது.

"தண்ணியை இப்படித் திருப்புங்க," என்றாள் அவள். "நம்ம வயலுக்கே போகட்டும்."

அவர் மண்வெட்டியால் ஒரு கரை இழுத்துத் திருப்பிவிட்டார். வெயில் உச்சிக்கு வரும்வரை கழுவினார்கள். வாங்கி வந்த நாளில் கூட அந்த மெஷின் அத்தனை சுத்தமாக இருந்திருக்காது. சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கை விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. அவித்த முட்டையை உரிக்க வராமல் அவளிடம் நீட்டினார். அவள் உரித்துக் கொடுத்தாள். வானத்தின் ஒரு மூலையில் சாம்பல் நிறமாக மேகம் கட்டியிருந்தது.

வரப்புத் திறப்பு வழியாகப் போகாமல் மெஷினை ரோட்டில் ஏற்றினார். அவளும் பின்னாலேயே நடந்தாள். தம்பி வயலின் ரோட்டு வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போய் நின்றபோது, தம்பி உள்ளேயிருந்து வேகமாக வந்தான்.

"என்ன அண்ணே, ரோட்டைச் சுத்திக்கிட்டு?"

மெஷின்காரர் மேலே சீட்டில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "அறுத்துடலாம்னு வந்தேன். வாசலைத் திற."

"உங்க வயல் முடிஞ்சுதா?"

"இல்ல."

"அப்போ முதல்ல அதை முடிங்க. எனக்கென்ன அவசரம், இன்னும் நாலு நாள் தாங்கும். உங்களுது வெடிச்சுக்கிட்டு நிக்குது. நேத்துக்கூடப் பார்த்தேன்."

"மழை வரும். உன்னுதை முடிச்சுடலாம்."

"மழை எனக்கு மட்டுமா வருது?" தம்பி வாசல் கம்பில் கையை வைத்து நின்றான். முகத்தில் சங்கடம்; அண்ணனிடம் எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. "அண்ணே, உங்க வயல்ல கை வைக்காம இதுவரைக்கும் என் வயல்ல மெஷின் இறங்கினதில்ல. இந்த வருஷம் மட்டும் என்ன புதுசா? உங்களுதை மழையில விட்டுட்டு என்னுதை வீட்டுக்குக் கொண்டுபோனா நான் சோறு திங்கிறதா, வேண்டாமா? வாசலைத் திறக்க மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல."

மெஷின்காரர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கீழே நீட்டி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் பக்கத்து வயலில் காய் வெடிக்கிற சின்னச் சின்ன ஓசைகூடக் கேட்டது. அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முன்னால் வந்தாள்.

"தம்பி, எங்க வயலுக்கு உடம்பு சரியில்ல."

"என்ன அண்ணி?"

"அந்த மஞ்சள், அது தண்ணியும் இல்ல உரமும் இல்ல. மண்ணுல புழு இருக்கு. யுனிவர்சிட்டி மேடம் வேரைக் கழுவிக் காட்டினாங்க. நானே கண்ணால பார்த்தேன். மண்ணு ஒட்டுற எதுலயும் அது ஒட்டிக்கிட்டு வரும். மெஷின்ல வரும். அதனால எங்களுதைக் கடைசியா அறுக்கணும்னாங்க. மெஷினைக் கழுவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கோம். உன் அண்ணன் ஒரு பொழுது முழுக்கக் கழுவினாரு."

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு மெஷினின் டயரைப் பார்த்தான். ஈரம் காயாமல் கறுப்பாகப் பளபளத்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, வயலின் அந்தப் பக்கம் வரப்புத் திறப்பு இருக்கிற இடத்தைப் பார்த்தான்.

"இத்தனை வருஷமும் அந்த வழியாத்தானே அண்ணே வந்தீங்க."

"தெரியாதுடா," என்றார் மெஷின்காரர். எஞ்சினை நிறுத்திய பிறகு அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். தம்பியை 'டா' போட்டு அவர் கூப்பிட்டே ரொம்ப வருஷமாகியிருந்தது.

தம்பி கம்பைத் தூக்கி வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். "அறுங்க," என்றான். "அந்தத் திறப்பு மூலைக்கு மட்டும் போக வேண்டாம். அதை நான் கையாலயே அறுத்துக்கிறேன்."

பொழுது சாய்கிறவரை மெஷின் ஓடியது. சோயா தொட்டியில் நிறைந்து சாக்கில் இறங்கியது. நல்ல மணி, உருண்டையாக, வெண்ணெய் நிறத்தில். சாக்குப் பிடிக்க சின்னவளும் வந்தாள். எப்போதும் சாக்குப் பிடிக்கிறபோது இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. யார் வீட்டு மாடு ஈன்றது, யார் மாமியார் யாரிடம் என்ன சொன்னாள் என்று. அன்றைக்குச் சின்னவள் சாக்கையே பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீ கொண்டுவந்து தம்ளர்களை வரப்பில் வரிசையாக வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். யாரைப் பார்த்து என்று இல்லை. பெரியவள் எடுத்துக் குடித்தாள். சின்னவள் சர்க்கரை போட மறந்திருந்தாள்.

மறுநாள் விடிவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டுப் பயனில்லை. சொல்ல வேண்டிய செய்திதான். மேட்டு வயல்காரர் வாசலிலேயே மெஷினை மறித்துத் திருப்பி அனுப்பினார். "எனக்கு ரெண்டு வருஷமா மகசூல் குறையுது. பொண்டாட்டி என் கைராசியைச் சொல்லிச் சொல்லிக் குத்திக்கிட்டிருக்கா. இப்பல்ல தெரியுது யாரு கைராசின்னு," என்றார். மெஷின்காரர் ரிவர்ஸ் எடுத்தார். இன்னும் ஒருத்தர் திருப்பி அனுப்பினார். மற்றவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள், மெஷினைப் பார்த்தார்கள், வாசலைத் திறந்தார்கள். ஒவ்வொரு வயலின் வாசலிலும் அவர் இறங்கி, அவர்கள் பார்க்கவே டயரைக் கம்பியால் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனார். யாரும் கேட்காத இடத்திலும் அப்படியே செய்தார்.

சொந்த வயலுக்கு மெஷின் வந்து சேர்ந்தபோது வானம் தலையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. இரண்டு சுற்று வந்திருக்கும். காற்று மாறி, சரசரவென்று தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்த காய் மெஷினுக்குள் நசுங்கி அப்பிக்கொண்டது. டிரம் திணறி நின்றது. அவர் அதைக் குடைந்து எடுத்துவிட்டு ஓட்டினார், மறுபடி நின்றது. மூன்றாம் தரம் அவர் இறங்கவே இல்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியவள் வீட்டுக்குப் போய் இரண்டு அரிவாளை எடுத்து வந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

நல்ல பாதியில் இறங்கி இரண்டு பேரும் கையால் அறுத்தார்கள். குனிந்த முதுகில் மழை விழுந்தது. அறுத்ததைக் கட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடுத்த வயலில் தம்பி தன் மூலையை அறுத்துக்கொண்டிருப்பது மழைக்கு நடுவே மங்கலாகத் தெரிந்தது. அவனும் நிமிர்ந்து இவர்களைப் பார்த்திருப்பான். வரப்புக்கு இந்தப் பக்கம் அவன் வரவில்லை. அந்தப் பக்கம் இவர்கள் போகவில்லை. போகக்கூடாது என்பதும் உண்மைதானே என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் வராமல் இருப்பதற்கு அது மட்டும்தான் காரணமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மழை விட்டபாடில்லை. கொட்டகையில் கிடந்த கட்டுகள் புழுங்கி வாடை அடித்தன. வயலில் நின்றதில் காய்க்குள்ளேயே மணி முளைவிட்டது. வெடித்து விழுந்தது சேற்றில் ஊறிப் பருத்துக் கிடந்தது. வெயில் கண்ட பிறகு தட்டித் தூற்றிப் பார்த்ததில், மாட்டுத் தீவனத்துக்கு ஆனது போக வீட்டுக்கு என்று வந்தது கொஞ்சம்தான்.

மேடம் வந்தபோது ரோட்டிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். முளைவிட்ட வயலைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றாள். பெரியவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"முதல்ல அறுத்திருந்தா இது வீட்டுக்கு வந்திருக்கும்," என்றாள் மேடம்.

"வந்திருக்கும் மேடம்."

"நான் சொன்னதைக் கேட்டு…"

"நீங்க சொன்னீங்க. செஞ்சது நாங்க." பெரியவள் காலடியில் கிடந்த ஒரு காயை எடுத்துப் பிதுக்கினாள். வெள்ளை முளை வெளியே வந்தது. "மக்காச்சோளம் எப்ப விதைக்கணும்னு சொல்லிட்டுப் போங்க மேடம். அதைக் கேக்கத்தான் நின்னுக்கிட்டிருந்தேன்."

மேடம் சொன்னாள். எந்த ரகம், எவ்வளவு ஆழம், விதைக்கும் முன் மண்ணை எப்படி ஆறப்போட வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சொசைட்டிக் களத்தில் அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கிற குழாய் ஒன்று வைக்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், இனி எந்த மெஷினும் அங்கே கழுவிவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாள். மேட்டு வயல்காரர் உட்பட மண்ணைச் சோதிக்கக் கேட்டு நாலைந்து பேர் வந்திருந்தார்களாம். தம்பியும் கேட்டிருந்தான். கண்ணாடிக்காரர் அவன் வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்து மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு வந்த அன்றைக்கு மேடம் எல்லாரையும் தம்பி வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னாள். மெஷின்காரர் வர மாட்டேன் என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தம்பி அண்ணனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காராததால் தானும் நின்றுகொண்டான். அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

"திறப்பு இருக்கிற மூலையில இருக்கு," என்றாள் மேடம். "கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி தலையை ஆட்டினான், எதிர்பார்த்திருந்தவன் மாதிரி. "மிச்ச வயல்?"

"மிச்சம் சுத்தம். எல்லாப் பையையும் ரெண்டு தரம் பார்த்தோம். இந்த வருஷமும் மெஷின் அங்கிருந்து நேரா இங்க வந்து முழு வயலும் சுத்தியிருந்தா, அது போன தடமெல்லாம் புழுவும் போயிருக்கும். அடுத்த தடவை இப்படிச் சொல்லியிருக்க முடியாது." மேடம் யார் முகத்தையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னாள்.

மெஷின்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி நன்றி என்றோ மன்னிப்பு என்றோ எதுவும் சொல்லவில்லை. சொல்வான் என்று பெரியவளும் எதிர்பார்க்கவில்லை.

"அந்த வழியை அடைச்சுடணுமா மேடம்?" என்று கேட்டான்.

"அடைக்கிறது நல்லது. மெஷின் மட்டுமில்ல. ஆள் நடமாட்டமும் வேண்டாம். அந்த மூலையில சோயா வேண்டாம், உழுற மண்ணு அங்கிருந்து வெளிய வரவும் வேண்டாம்."

"நாளைக்கே அடைச்சுடறேன்."

"நானும் வரேன்," என்றார் மெஷின்காரர்.

மறுநாள் காலையில் அண்ணன் இந்தப் பக்கம் நின்றார், தம்பி அந்தப் பக்கம் நின்றான். இந்த மண் அங்கே போகக்கூடாது, அந்த மண் இங்கே வந்தாலும் திரும்பப் போகக்கூடாது. அவரவர் மண்ணை அவரவர் வெட்டிப் போட்டார்கள். மண்வெட்டியைக் கூட மாற்றிக்கொள்ளவில்லை. பேச்சு அதிகமில்லை. "அந்த ஓரம் இறங்குது அண்ணே." "கல்லு வைக்கணும்." "வைங்க, நான் பிடிச்சுக்கிறேன்." வரப்பு முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. மேலே மிதித்து இறுக்கும்போது இரண்டு பேரும் ஒரே உயரத்தில் எதிரெதிரே நின்றார்கள். பிறகு அவரவர் பக்கம் இறங்கினார்கள்.

சாயங்காலம் பெரியவள் தோட்டத்துக் கத்தரிக்காய் பறித்து ஒரு கூடையில் போட்டாள். பழக்கத்தில் கால் வரப்புப் பக்கம் திரும்பியது. நின்று, ரோட்டுப் பக்கமாக நடந்தாள். சுற்றிக்கொண்டு போவது ரொம்ப தூரமில்லைதான். ஆனால் விருந்தாளி மாதிரி முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்கு அவள் போனதே இல்லை.

வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு பழைய பிரஷும், தட்டையான ஒரு கல்லும் வைத்திருந்தது. பார்த்ததும் அவளுக்கு முகம் சூடேறியது. ஒரு கணம் கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பிரஷால் தேய்க்க ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டுச் சின்னவள் வந்தாள். பிரஷைப் பார்த்தாள், பெரியவள் கையைப் பார்த்தாள். உங்களுக்கு எதுக்கு அக்கா, விடுங்க என்று சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயெடுத்திருப்பாள். சொல்லவில்லை. குனிந்து செம்பால் தண்ணீர் மொண்டு, செருப்பின் மேல் மெதுவாக ஊற்றினாள்.

"குதிகால் பக்கம் இன்னும் இருக்கு அக்கா," என்றாள். "அதையும் நல்லாத் தேய்ச்சுடுங்க. டீ போடறேன்."

பெரியவள் செருப்பைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தாள்.